பதினொன்று எரியவில்லை

ஜூன் 3, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரி கூட்ட மாட்டேன். பாதகமாக இருக்கிறதே என்று ஒரு வரி குறைக்கவும் மாட்டேன். நீயும் அப்படியே எழுத வேண்டும். நேற்று மாலையிலிருந்து என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை, அதனால் முதல் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: கையில் தீக்காயம் பட்ட ஊழியர் நீயா?

நேற்று நான் பள்ளி விட்டு வந்தபோது அப்பா பட்டறை வாசலில் நின்றபடி ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றுகொண்டு எதையும் படிக்க மாட்டார். நாற்காலி வேண்டும், கண்ணாடி வேண்டும், விசிறி அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நேற்று கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் கடிதத்தை நீட்டினார். "படி. நான் சரியாத்தான் படிச்சேனான்னு பார்க்கணும்."

படித்தேன். உங்கள் விமானச் சரக்குக் கூடத்திலிருந்து வந்திருந்தது. மே 29 அன்று அப்பா அனுப்பிய, பன்னிரண்டு பேட்டரிக் கட்டுகள் கொண்ட பெட்டி, கூடத்திலேயே புகைந்து தீப்பிடித்ததாம். ஊழியர் ஒருவருக்குக் கையில் தீக்காயமாம். விசாரணை முடியும்வரை அப்பா விமானத்தில் எதையும் அனுப்பக் கூடாதாம். 23-ம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அனுமதி ரத்து.

"நான் கட்டின கட்டுல தீயா?" என்று அப்பா கேட்டார். என்னிடம் அல்ல, அந்தக் கடிதத்திடம்.

அப்பா உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் "யாருக்குக் கை வெந்துச்சுன்னு போடலையே" என்று மூன்று தடவை சொன்னார். நான் எண்ணினேன்.

அந்தப் பெட்டி தயாரான விதத்தையும் பதிவு செய்கிறேன். துளைக் கருவிகளுக்கான பேட்டரிக் கட்டுகள்தான், எப்போதும்போல. ஒவ்வொன்றையும் மின்சாரம் வடியவிட்டு மீட்டரில் பார்த்தோம். விதிப்படி முப்பது சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அப்பா இருபத்தைந்தில் நிறுத்துவார். ஏன் என்று கேட்டால், "அந்த அஞ்சு என் மரியாதை" என்பார். ஒவ்வொரு கட்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோக நாக்குகள்மேலும் டேப். ஒவ்வொரு கட்டுக்கும் தனி பிளாஸ்டிக் பை. சுற்றிலும் அதிர்ச்சி தாங்க மெத்தென்ற பஞ்சட்டை. வெளியே சிவப்புக் கோடு போட்ட எச்சரிக்கைச் சீட்டு, பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது என்ற சீட்டு. படிவத்தை நான் நிரப்பினேன், அப்பா கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன், நீ அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, சீட்டு பழைய மாதிரியில் இருக்கிறது என்று அப்பாவின் பெட்டியைத் திருப்பி அனுப்பினாயே, அதிலிருந்துதான் அப்பா இவ்வளவு கவனம். "பெத்த அப்பன் பெட்டின்னு தெரிஞ்சே திருப்பிட்டா. இனிமே இந்த வீட்டுல அவ பேச்சு வேண்டாம்" என்று சொன்னவர், அன்றைக்கே புது விதிப் புத்தகத்தையும் வாங்கி வந்தார். அம்மாவும் இல்லாத வீட்டில் உன் பேச்சும் இல்லை என்றால் எவ்வளவு அமைதி என்று நீ கற்பனை செய்துகொள். நமக்கு இருந்த ஒரே தபால்காரன் அப்பாவின் பெட்டிதான். படிவம் வைக்கும் வெளி உறைக்குள் என் கடிதத்தையும் செருகிவிடுவேன், நீ எடுத்துக்கொள்வாய். உன் பதில் பள்ளி நூலகத்துக்கு வரும்.

இந்த முறை மட்டும் உன் பட்டயச் சான்றிதழ் அந்த உறைக்குள் நுழையவில்லை. மடித்தால் செல்லாது என்று நீ எழுதியிருந்தாய். அதனால் அப்பா டேப் எடுக்கப் போன நேரத்தில், பெட்டிக்குள்ளேயே மேலாக வைத்துவிட்டேன். 'மேல் மூடிக்குக் கீழே' என்று ஒரு துண்டுச் சீட்டை உறையில் போட்டேன். கிடைத்ததா?

பெட்டி வழி அடைபட்டுவிட்டதால் இதைத் தபால் நிலையத்தில், சித்தப்பாவின் கவுண்டரில்தான் கொடுக்க வேண்டும். முகவரியைப் பார்த்துவிட்டு அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

நீயா, இல்லையா? முதல் வரியிலேயே எழுது.

உன் தங்கை

*

ஜூன் 7, சனிக்கிழமை

அன்புள்ள அடிக்குறிப்பு,

நான் இல்லை.

காயம் பட்டவர் தராசு அண்ணன். எடை போடும் மேடையில் இருப்பவர், உனக்கு எழுதியிருக்கிறேன். பெட்டியிலிருந்து இனிப்பும் எரிச்சலும் கலந்த ஒரு நெடி வந்ததும், பக்கத்துப் பெட்டிகளை விட்டு அதைத் தள்ள வெறுங்கையால் இழுத்துவிட்டார். வலது உள்ளங்கை. தீயைவிட அந்தப் புகைக்குத்தான் நாங்கள் பயந்தோம். தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தோம், இருபது நிமிடம். அடங்கிவிட்டது என்று நிறுத்தினால் மறுபடி சீறும். இன்னும் நாற்பது நிமிடம் கழித்து நடந்திருந்தால் அந்தப் பெட்டி விமானத்துக்குள் இருந்திருக்கும். அந்த நாற்பது நிமிடத்தைத்தான் நான் ராத்திரி பகல் பார்க்காமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மேற்பார்வையாளரின் மேஜையில் உன் படிவம் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. உன் முத்து எழுத்து. "இவ்வளவு அழகாப் பொய் எழுதறாங்கப்பா" என்றார். பழைய பேட்டரி செல்களைப் புதுசுபோல் கட்டி அனுப்பியிருக்கிறார், அதில் ஏதோ உள்கோளாறு என்பது அவர் முடிவு. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பன்னிரண்டில் ஒன்றுதான் எரிந்தது. மற்ற பதினொன்றையும் தீ தொடவில்லை. அவற்றில் சார்ஜ் இருபத்தைந்து. நிறைய இருந்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்று பற்றி, கூடமே போயிருக்கும். அப்பாவின் அந்த ஐந்துதான் எங்களைக் காப்பாற்றியது. இதை யாரும் அறிக்கையில் எழுதவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. காட்டிவிட்டேன். ஜூலை முதல் என் வேலை நிரந்தரம்.

எதைச் சொன்னாலும் அடிக்குறிப்பு போடுகிறாய் என்றுதான் உனக்கு அந்தப் பெயர் வைத்தேன்; இப்போது கவனமாகப் படி. எரிந்த கட்டின் சாம்பலில் உருகி வளைந்த ஒரு கம்பித் துண்டு கிடைத்தது. செல்களை ஒன்றோடொன்று இணைக்க அப்பா பற்றவைத்த கம்பி என்று நினைத்து ஒரு தட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா தகடு வைத்துத்தான் பற்றவைப்பார், கம்பி வைக்க மாட்டார். அது எனக்குத் தெரியும், இங்கே வேறு யாருக்கும் தெரியாது.

சான்றிதழ் நழுவாமல் இருக்க எதனால் பிடித்து வைத்திருந்தாய்? எதோடு சேர்த்து? என் கைக்கு வந்தது வெறும் தாள்தான்.

உடனே எழுது. அப்பாவிடம் ஒரு வார்த்தை வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 11, புதன்கிழமை

அன்புள்ள அக்கா,

ஜெம் கிளிப்.

பெரிய அளவு, வண்ணப் பூச்சு இல்லாதது, என் பென்சில் பெட்டியில் இருந்தது. தாள் பஞ்சட்டையின் இடுக்கில் இறங்கிவிடக் கூடாது என்று, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கட்டின் பிளாஸ்டிக் பையின் வாயோடு சேர்த்துக் குத்தினேன். இறுக்கமாக இருக்கட்டும் என்று ஆழமாகவே குத்தினேன். உள்ளே இருந்த டேப்பின் ஓரமும் அதில் மாட்டியிருக்கலாம். மாட்டியது என்றே நினைக்கிறேன்.

விதிப் புத்தகத்தை நான் முழுவதும் படித்தவள். 'மின்முனைகளை எந்த உலோகப் பொருளும் தொடாதவாறு காக்க வேண்டும்' என்ற வாக்கியத்தை என் நோட்டில் பதினான்காம் பக்கத்தில் எழுதி, சிவப்பு மையால் கோடும் போட்டிருக்கிறேன். இன்று எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தையே ஒரு ஜெம் கிளிப்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அக்கா, சாவி என்றால் உலோகம் என்று நினைத்திருப்பேன். ஆணி, நாணயம், திருகு, எதுவானாலும் நினைத்திருப்பேன். கிளிப்பை நான் உலோகம் என்று நினைக்கவே இல்லை. எழுதுபொருள் என்று நினைத்தேன்.

தராசு அண்ணனுக்கு எந்தக் கையால் எழுதும் பழக்கம்?

போன கடிதம் உனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கவுண்டரில் நீட்டினேன். சித்தப்பா எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். "உள்ள பேட்டரி இருக்கா? பவர் பேங்க், பழைய போன், பேசற பொம்மை?"

"கடிதம் சித்தப்பா. வெறும் பேப்பர்."

"வெறும் பேப்பர்ங்கறவங்களைத்தான் நான் நம்பறதில்ல. போன வாரம் ஒரு அம்மா வெறும் துணின்னாங்க. உள்ள பவர் பேங்க் பச்சை லைட்டோட கண்ணடிக்குது." அதற்குள் முகவரியைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார். எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார்.

"எனக்குக் கண்ணு சரியில்லன்னு டாக்டர் சொல்லியிருக்கார் தெரியுமா?" என்று சொல்லி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். "போ. அடுத்த ஆள் வாங்க."

அப்பா தூங்குவதில்லை. அனுப்பாமல் மிச்சமிருந்த கட்டுகளை எல்லாம் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு செல்லை எடுத்து, மீட்டர் வைத்து, நோட்டில் எழுதி, மறுபடி அதையே எடுத்து வைத்துப் பார்க்கிறார். இருநூற்று நாற்பது செல்கள். எல்லாம் நல்லவை. ஒவ்வொன்றும் நல்லதாக இருக்க இருக்க அவர் முகம் இன்னும் சுருங்குகிறது. நேற்று சாப்பிடக் கூப்பிட்டேன். "எங்க விட்டேன்னு தெரியலையேம்மா" என்றார். அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. நீ வேண்டாம் என்றதால் விழுங்கினேன்.

தப்பு முழுவதும் என்னுடையது என்று 23-ம் தேதி நானே வந்து சொல்லட்டுமா? எனக்குப் பதிமூன்று வயது. சிறுமி என்று விட்டுவிடுவார்களா, அல்லது அப்பாவைத்தான் பிடிப்பார்களா? இதற்கு விதிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன்.

உன் தங்கை

*

ஜூன் 16, திங்கட்கிழமை

அன்புள்ள அடிக்குறிப்பு,

இந்தக் கடிதத்தின் முதல் வடிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில், 'யாருக்கும் தெரியாது, அப்படியே இருக்கட்டும், அப்பா ரயிலிலும் லாரியிலும் அனுப்பிப் பிழைத்துக்கொள்வார்' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது நியாயமாகத்தான் பட்டது. நீ நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்.

தப்பு முழுவதும் உன்னுடையது இல்லை. மூடிய பெட்டியை நாங்கள் திறக்கக் கூடாது. பெட்டிகளை ஏற்கும் இடத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் வெளியே பார்க்கலாம், படிவத்தைப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். திறக்க யாருக்கும் உரிமை இல்லை. நான் திறந்தேன். உன் துண்டுச் சீட்டைப் பார்த்ததும், தராசு அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில், ரேக்குகளுக்குப் பின்னால் கொண்டுபோய் டேப்பைக் கிழித்தேன். தாள் எதிலோ மாட்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டது. வெடுக்கென்று இழுத்தேன். பையின் வாய் பிரிந்தது, உள்ளே டேப் உரிந்த மாதிரி ஒரு சத்தம். அழுத்தி மூடினேன். உள்ளே என்ன விழுந்தது என்று குனிந்து பார்க்கவில்லை. மூன்று வரி டேப் போட்டு, எடை மேடைக்குத் தள்ளிவிட்டேன். ஒட்டிய டேப்பை அப்பாவைப்போலவே விரலால் இரண்டு தடவை தேய்த்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

சீட்டு பழசு என்று அப்பாவின் பெட்டியைத் திருப்பியவள் நான். அதே அப்பாவின் பெட்டியை எனக்காகத் திறந்தவளும் நான்தான்.

தராசு அண்ணன் வலது கைக்காரர். இப்போது இடது கையால் கையெழுத்துப் பழகுகிறார். நேற்று போய்ப் பார்த்தேன். "என்னம்மா, என்னைவிட நீதான் வெந்தவ மாதிரி இருக்க" என்று சிரித்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

23-ம் தேதி பத்து மணிக்கு, அப்பா வாயைத் திறக்கும் முன்பு, நானே சொல்லப் போகிறேன். பெட்டியைத் திறந்தது நான், உள்ளே இருந்தது என் சான்றிதழ். நிரந்தரம் என்ன, இருக்கும் வேலையே போகலாம். போனால் போகிறது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். எனக்கு இந்த வேலை வேண்டும்.

உன் பேச்சு வராமல் பார்த்துக்கொள்கிறேன். கிளிப் சான்றிதழோடு வந்தது, அவ்வளவுதான். நீ பேசாமல் இரு. அப்பாவுக்கு அன்றைக்கு அங்கே தெரிந்தால் போதும்.

அக்கா

*

ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வந்தது. அன்று முழுவதும் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நேற்று அப்பா கடைசிக் கட்டையும் பிரித்து முடித்துவிட்டு, "என் கண்ணுதான் போயிடுச்சு போல. அனுமதிய நானே திருப்பிக் கொடுத்துடறேன்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்றபடியே சொன்னேன், உறைக்குள் செருகிய முதல் கடிதத்திலிருந்து.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எந்த கிளிப்பு? அதே மாதிரி ஒண்ணு கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். காலிக் கட்டு ஒன்றின் இரண்டு நாக்குகளுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் இரண்டையும் தொட்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"சான்றிதழ் கருகலையே?"

"இல்லப்பா. அதுக்கு முன்னாடியே அக்கா எடுத்துட்டா."

"திரும்ப மூடினாளே, எத்தனை வரி டேப்பு போட்டா?"

"மூணு. விரலால ரெண்டு தடவை தேய்ச்சாளாம்."

"ம்" என்றார். அந்த 'ம்' எந்த வகை என்று எழுதத் தெரியவில்லை. பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

வந்து உட்கார்ந்து, "பேப்பர் எடு. விளக்கம் எழுதணும்" என்றார். எடுத்தேன். சொல்லச் சொல்ல எழுதினேன். "பெட்டியைக் கட்டும்போது, என் மேஜைமேல் இருந்த கிளிப் ஒன்று கவனக்குறைவால் உள்ளே விழுந்துவிட்டது." அந்த வரிக்கு அப்புறம் நிறுத்திவிட்டேன்.

"எழுதும்மா."

"அது நடக்கலப்பா."

"நடந்துச்சுன்னா உங்கக்கா பொழைச்சுப்பா. எனக்கு என்ன, அறுபது ஆகப் போகுது. எழுது."

"நீங்க அப்படிச் சொன்னாலும் அக்கா அங்க உண்மையச் சொல்லிடுவா. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்னு ஆயிடும்."

"அவளைச் சொல்ல விடாம நான் பார்த்துக்கறேன்."

"அக்காவையா?" என்று கேட்டேன்.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டேன். அக்கா, அப்பா சொன்னதை நான் எழுத மறுத்தது இதுதான் முதல் தடவை. அந்தப் படிவங்களைப் பார்த்து உங்கள் மேற்பார்வையாளர் அழகான பொய் என்றாரே, அது பொய் இல்லை என்று இரண்டு வாரமாக மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதே எழுத்தால் இதை எப்படி எழுதுவேன்?

அப்பா என்னையே பார்த்தார். "ரெண்டும் ஒரே அச்சு. ஒண்ணு பெட்டியைத் திருப்புது, ஒண்ணு பேனாவை மூடுது" என்றார். திட்டுகிற குரலில்தான் சொன்னார். ஆனால் உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டி இரண்டு வருடம் ஆகிறது.

மதியம்வரை மீட்டர் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே வந்து, "சரி, நடந்ததையே எழுது. உன் பேர்லேருந்து ஆரம்பிச்சாலும் சரி. கடைசி வரி மட்டும் நான் சொல்றேன்" என்றார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நான் வைத்தது, நீ திறந்தது, கிளிப், மீட்டர் கணக்கு, எரியாத பதினொன்று, எல்லாம் அதில் இருக்கிறது. கடைசி வரியாக அப்பா சொன்னது இது: "அனுப்புபவர் என்று கையெழுத்துப் போட்டது நான். உள்ளே இருப்பது எல்லாம் எனக்குத் தெரியும் என்று உறுதி சொன்னதும் நான். எனக்குத் தெரியவில்லை. அந்தத் தவறு என்னுடையது." இதை நான் மறுக்காமல் எழுதினேன். இது உண்மை.

இன்று சித்தப்பா வந்தார். அப்பா மூன்று வாரத்துக்குப் பிறகு சவரம் செய்திருந்ததைப் பார்த்து, "என்னண்ணே, பொண்ணு பார்க்கவா?" என்று கேட்டார்.

"ஆமா. என் பொண்ணைப் பார்க்க" என்றார் அப்பா.

சித்தப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு, நமக்கு நடுவில் கடிதம் போய்க்கொண்டிருந்தது தனக்குத் தெரியவே தெரியாது என்று, யாரும் கேட்காமலே சத்தியம் செய்தார்.

மாலை ஆறு மணிப் பேருந்தில் அப்பா கிளம்புகிறார்; அவர் வரும்வரை நான் சித்தப்பா வீட்டில் இருப்பேன். முதலில் தராசு அண்ணனைப் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் அலுவலகம். உன்னிடம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். நாளைக்கு என்ன முடிவு வரும் என்றும் தெரியாது. உன் மேஜை போகலாம், பட்டறையும் போகலாம். ஆனால் பத்து மணிக்கு நீ வாயைத் திறக்கும்போது உன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். நிற்பேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறார். ஒரு நாள் வேலைக்கு எதற்கு இரண்டு சட்டை?

இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டுவருகிறார், சட்டைப் பையில். படிக்கட்டுமா என்று கேட்டார். அக்காவுக்கு எழுதியது என்றேன். சரி என்று விட்டுவிட்டார். பக்கங்களைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் வைக்கவில்லை. மூலையில் எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறினால் அடுக்கிக்கொள்.

இப்போது ஐந்தரை. பட்டறையில் அப்பா கடைசியாக ஒரு சுற்று வருகிறார். மீட்டரைக் கழற்றி வைத்தார். சார்ஜ் போடும் பலகையின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, மறுபடி ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தார். எது புகைந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்று, செல்கள் தனியாக இருக்கும்போது ஒருநாளும் பட்டறையை இருட்டில் விட மாட்டார் என்பது உனக்குத் தெரியும். இன்று அவற்றை நம்பி மேஜை விளக்கு, மேல் விளக்கு, வாசல் விளக்கு என்று மூன்றையும் அணைத்துவிட்டார்.